தாய்லாந்தில் பைக் வாங்குகிறேன், எந்தக் காப்பீடு எடுப்பது?

கேள்வி: தாய்லாந்தின் ரயோங் மாகாணத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். வேலை அனுமதி உள்ளது. மனைவியும் எட்டு வயது மகளும் என்னுடன் இருக்கிறார்கள். ஹோண்டா கிளிக் 125 வாங்கலாம் என்று இருக்கிறேன். ஷோரூமில் 'போ ரோ போ' என்ற கட்டாயக் காப்பீட்டைச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அது போதுமா? வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் முதல் வகுப்புக் காப்பீடு எடுத்தால்தான் நிம்மதி என்கிறார் நண்பர் ஒருவர். தனியாக விபத்துக் காப்பீடும் வேண்டுமா? ஊரில் எடுத்த பாலிசிகள் இங்கே செல்லுமா? என்னிடம் இந்தியாவில் எடுத்த கார் உரிமமும் அதை வைத்து வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்கின்றன.

பதில்: போ ரோ போ மட்டும் போதாது. 125 சிசி ஸ்கூட்டருக்கு முதல் வகுப்பும் அவசியம் இல்லை. முதல் செலவு உங்கள் உடம்புக்கும் உங்களால் அடிபடக்கூடிய மனிதருக்கும் போகட்டும். வண்டிக்குச் செலவழிப்பதை அதன் பிறகு பார்க்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உரிம விஷயத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கார் உரிமத்தில் பைக் ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதி என்பது ஊர் உரிமத்தில் எந்த வாகன வகை இருக்கிறதோ அதை அப்படியே பிரதிபலிக்கும் தாள்தான். இரு சக்கர வாகனத்துக்கான பிரிவில் முத்திரை இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர். தாய்லாந்தில் கார் உரிமமும் பைக் உரிமமும் தனித்தனி. வேலை அனுமதியோடு அங்கேயே குடியிருக்கும் உங்களுக்குச் சரியான வழி தாய் பைக் உரிமம். பாஸ்போர்ட், வேலை அனுமதி, மருத்துவச் சான்று ஆகியவற்றோடு தரைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கமாகக் 'கொன்சோங்' என்பார்கள். நிறக்குருடு சோதனை, வேக எதிர்வினைச் சோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாம் இருக்கும். முதலில் கிடைப்பது இரண்டு ஆண்டுத் தற்காலிக உரிமம், அதற்கப்புறம் ஐந்து ஆண்டு உரிமம். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவருக்கும் இதையே செய்யுங்கள். வேலை அனுமதி இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக வசிப்பிடச் சான்று கொடுக்கலாம்.

உரிமம் இல்லாமல் விபத்து நடந்தால் போலீஸ் அபராதம் சின்ன விஷயம். போ ரோ போவுக்கு மேல் வண்டிக்கு நாமே எடுக்கும் விருப்பக் காப்பீடும், தனிநபர் விபத்துப் பாலிசியும், மருத்துவக் காப்பீடும் முதலில் கேட்கும் தாள் உரிமம்தான். அது இல்லையென்றால், நீங்கள் கட்டிய பிரீமியம் எல்லாம் வீணாகிவிடக்கூடும். வண்டி டெலிவரி எடுப்பதற்கு முன்னாலேயே உரிமம் கையில் இருக்கட்டும் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, தாய்லாந்தில் பொதுவான மது வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். தற்காலிக உரிமம் வைத்திருப்பவருக்கும் உரிமமே இல்லாதவருக்கும் அது 20 மில்லிகிராம். உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு பீர்கூட வரம்பைத் தாண்டிவிடலாம். குடித்த நாளில் வண்டியைத் தொடாமல் இருப்பதே சரி.

போ ரோ போ எதைத் தருகிறது?

1992-ஆம் ஆண்டின் சாலை விபத்தில் பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம் எடுக்க வேண்டிய காப்பீட்டைத்தான் போ ரோ போ என்கிறார்கள். இது இல்லாமல் ஓட்டினால் 10,000 பாத் வரை அபராதம். ஆண்டு வரி வில்லையைப் புதுப்பிக்கவும் முடியாது. விலை மிகக் குறைவு. 75 முதல் 125 சிசி வரையிலான பைக்குக்கு வரி உட்பட ஆண்டுக்கு 323.14 பாத். 150 சிசியைத் தாண்டினால் 645.21 பாத். கிளிக் 160 பக்கம் மனம் போனால் இந்தச் சின்ன வித்தியாசத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது மனிதர்களுக்கு மட்டுமான காப்பீடு. உங்கள் வண்டிக்கோ எதிரே வந்தவரின் வண்டிக்கோ ஒரு பாத்கூடத் தராது. மனிதர்களுக்குத் தருவதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. பலர் விபத்துக்கு அப்புறம்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

தவறு உங்கள் பக்கம் இல்லையென்று முடிவானால், சிகிச்சைக்கு 80,000 பாத் வரை கிடைக்கும். மரணம் அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 5,00,000 பாத். 2020 ஏப்ரல் முதல் இதுதான் அளவு. உள்நோயாளியாக இருந்தால் ஒரு நாளைக்கு 200 பாத் வீதம் 20 நாள் வரை. தவறு உங்களுடையது என்றால், ஓட்டியவர் என்ற முறையில் 'முதல்கட்டத் தொகை' மட்டும்தான்: சிகிச்சைக்கு 30,000 பாத், மரணம் அல்லது உறுப்பிழப்புக்கு 35,000 பாத். மழையில் தனியாகச் சறுக்கி விழுந்தாலும் இந்தக் கணக்கே. எதிராளி என்று யாரும் இல்லாததால் வேறு யாருடைய காப்பீட்டிலும் கேட்க முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவியின் நிலை வேறு. அவர் பாதிக்கப்பட்டவர் என்பதால் 80,000 வரையிலான முழு வரம்பும் அவருக்கு உண்டு.

பைக் விபத்துகளில் பெரும் பகுதி இப்படித்தான்: மணல் படிந்த வளைவு, குறுக்கே ஓடிய சந்து நாய், திடீரென்று கொட்டும் மழை. அந்த நிலையில் உங்கள் காலுக்குக் கிடைப்பது 30,000 பாத். தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு, ஸ்கேன், ஓரிரு இரவுத் தங்கல் என்று பார்த்தாலே அந்தப் பணம் போய்விடும். தொடை எலும்பு முறிந்து தகடு வைக்க வேண்டியிருந்தால் செலவு லட்சங்களில் போகும். அரசு மருத்துவமனைகளிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டண விகிதம் உண்டு. இந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

வேலை அனுமதியில் இருப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு

உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 5 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. கடந்த 15 மாதத்தில் மூன்று மாதம் கட்டியிருந்தால் மருத்துவ உரிமை வந்துவிடும். பைக் விபத்தில் முதலில் போ ரோ போ செலவாகும், அது தீர்ந்த பிறகு சமூகப் பாதுகாப்பு தொடரும். நம்மவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆனால் தனியாகச் சறுக்கி விழுந்தவருக்கு மிகப் பெரிய உதவி இதுதான்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்கள் பதிவு செய்த மருத்துவமனையில்தான் முழு உரிமை. அவசரத்தில் வேறெங்காவது கொண்டுபோனால் முதல் 72 மணி நேரத்துக்கு நிர்ணயித்த விகிதத்தில்தான் ஏற்பார்கள். அதற்குள் உங்கள் மருத்துவமனைக்குத் தகவல் போய், மாற்ற முடிந்தால் மாற்றிவிட வேண்டும். எந்த மருத்துவமனை பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே மனிதவளத் துறையில் கேளுங்கள். வீட்டிலிருந்து அது 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அடுத்த வாய்ப்பு வரும்போது அருகில் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். தொழிலாளர் இழப்பீட்டு நிதி என்று வேறொன்றும் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தைப் பொதுவாக அது ஏற்காது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

உங்கள் மனைவியும் மகளும் இந்த அமைப்புக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, அதில் பைக் விபத்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், மனைவிக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுப்பது ஸ்கூட்டருக்கு முதல் வகுப்பு எடுப்பதைவிடப் பல மடங்கு முக்கியம்.

தனிநபர் விபத்துக் காப்பீடு: ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்

வங்கியிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் தனிநபர் விபத்துப் பாலிசிகளை அங்கே 'பி.ஏ.' என்பார்கள். இதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தாய்லாந்தின் நிலையான பி.ஏ. பாலிசியில் விலக்குகளின் பட்டியலில் ஒரு வரி இருக்கும்: மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதோ அதில் பயணம் செய்யும்போதோ நேரும் விபத்துக்குப் பொருந்தாது. பைக்குக்காகவே பி.ஏ. எடுத்து, பைக் விபத்துக்கு மட்டும் கிடைக்காமல் போனவர்கள் நிறைய. 'பயணம் செய்யும்போது' என்று இருப்பதால் பின்னால் உட்கார்பவருக்கும் அதே கதிதான். அலுவலக நண்பரின் வண்டியில் ஒரு நாள் தொற்றிக்கொண்டு போனாலும் அப்படியே.

கூடுதல் பிரீமியம் கட்டி இந்த விலக்கை நீக்கிக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் முழுத் தொகைக்கும் நீக்கும். சில, பைக் விபத்துக்கு மட்டும் காப்புத்தொகையில் ஒரு பகுதியைத்தான் தரும். முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பைக் ஓட்டும்போதும் பின்னால் உட்காரும்போதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா? முழுத் தொகையா, பகுதியா? பதில் பாலிசியின் அட்டவணையில் அச்சாகி இருக்க வேண்டும். வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

பி.ஏ.யில் இரண்டு வகை உண்டு. 'ஓ போ 1' மரணம், கை கால் இழப்பு, பார்வை இழப்பு, முழு ஊனம் போன்றவற்றுக்கு. 'ஓ போ 2' அதோடு விரல், செவித்திறன், பேச்சு, பகுதி ஊனம் என்று நுணுக்கமாகப் போகும். பைக் விழுந்தால் விரலும் மணிக்கட்டும்தான் முதலில் தரையைத் தொடும். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். அப்புறம் 'ஒரு விபத்துக்கான சிகிச்சைச் செலவு' என்ற தொகையைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மரணத் தொகை. நீங்கள் உயிரோடு இருந்து உபயோகிக்கப் போவது இந்தச் சிறிய எழுத்துத் தொகை. பத்து லட்சம் பாத் மரணத் தொகையும் பத்தாயிரம் பாத் சிகிச்சைத் தொகையும் உள்ள பாலிசியைவிட, ஐந்து லட்சமும் ஒரு லட்சமும் உள்ளதை நான் தேர்ந்தெடுப்பேன். மருத்துவமனை நேரடியாக நிறுவனத்திடம் கணக்கு முடிக்கும் ஏற்பாட்டை அங்கே இன்னும் 'ஃபேக்ஸ் கிளெய்ம்' என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் பகுதி மருத்துவமனைகளில் அது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

தொழில் வகையை உண்மையாகச் சொல்லுங்கள். பி.ஏ.யில் ஆபத்தின்படி நான்கு தொழில் வகுப்புகள் இருக்கின்றன. அலுவலக மேசையில் இருப்பவரும் இயந்திரத் தளத்தில் நிற்பவரும் ஒரே வகுப்பில் வரமாட்டார்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று 'அலுவலக வேலை' என்று போட்டுவிட்டு, தளத்தில் நடமாடும் பொறியாளராக இருந்தால் கிளெய்ம் நேரத்தில் தொகையைக் குறைக்க அது காரணமாகும்.

வண்டிக்கும் எதிராளிக்கும்

விருப்பக் காப்பீட்டில் 1, 2+, 2, 3+, 3 என்று வகுப்புகள் இருக்கின்றன. முதல் வகுப்பு தனியாக விழுந்த சேதம், தீ, திருட்டு உட்பட எல்லாவற்றுக்கும். புது வண்டிகளுக்குத்தான் சுலபமாகத் தருவார்கள், ஸ்கூட்டரின் விலையோடு பார்த்தால் பிரீமியம் அதிகம். 2+ உம் 3+ உம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு அவை பணம் தருவது, அடையாளம் தெரிந்த இன்னொரு தரைவழி வாகனத்தோடு மோதினால் மட்டுமே. நாய், மின்கம்பம், சறுக்கல் எதற்கும் கிடையாது. இடித்துவிட்டு ஓடியவரின் எண் தெரியாவிட்டாலும் கிடையாது. 2+ இல் திருட்டும் தீயும் கூடுதலாக இருக்கும்.

என் பரிந்துரை மூன்றாம் வகுப்பு. இது எதிராளியின் உடலுக்கும் வாகனத்துக்கும் உங்கள் சார்பில் பணம் கட்டும், உடல் காயத்துக்கு என்றால் போ ரோ போ தீர்ந்த இடத்திலிருந்து. ரயோங் பக்கம் சுகும்வித் சாலையில் ஒரு புது பிக்கப் வண்டியின் கதவை நசுக்கிவிட்டால் அந்தக் கணக்கு உங்கள் தலையில் விழும். கடனில் வண்டி வாங்கினாலோ, வாகன நிறுத்தம் இல்லாத தெருவில் குடியிருந்தாலோ 2+ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வகுப்பு எதுவானாலும் இணைப்புகளைப் பாருங்கள். 'ரோ யோ 01' ஓட்டுநருக்கும் பயணிக்குமான விபத்துத் தொகை, '02' சிகிச்சைச் செலவு, '03' ஜாமீன் தொகை. வெளிநாட்டவருக்கு இந்தக் கடைசி எண் பொன்னானது. எதிராளிக்குப் படுகாயம் ஏற்பட்டால் வழக்கு குற்றவியல் பக்கம் போகும். அப்போது ஜாமீனுக்கு நிறுவனமே உத்தரவாதம் தரும் என்றால், பாஸ்போர்ட்டும் பணமுமாக நள்ளிரவில் காவல் நிலையத்தில் மனைவி அலைய வேண்டாம்.

வாங்கும் வரை வாடகை ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால், பெரும்பாலும் அதில் போ ரோ போ மட்டுமே இருக்கும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடைக்குப் போகாதீர்கள்.

பெயர், வாரிசு, தாள்கள்

நம் ஊர்ப் பெயர்கள் இங்கே சிக்கல் செய்யும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். வேலை அனுமதியில் தாய் எழுத்தில் ஒரு மாதிரி, வண்டியின் பச்சைப் புத்தகத்தில் வேறு மாதிரி, பாலிசியில் இனிஷியலோடு இன்னொரு மாதிரி என்று ஆகிவிடும். எல்லாத் தாள்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துவரிசையே வரட்டும். தாய் எழுத்திலும் ஒரே வடிவத்தைப் பின்பற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து எண் மாறினால் பாலிசிகளிலும் மாற்றுங்கள். பயனாளி என்ற இடத்தில் 'சட்டப்படியான வாரிசு' என்று பொதுவாக விடாமல் மனைவியின் பெயரை எழுதுங்கள். வெளிநாட்டவர் வாரிசு என்று நிரூபிக்க, ஊரிலிருந்து சான்றிதழ் வரவழைத்து, மொழிபெயர்த்து, தூதரகச் சான்று பெற வேண்டியிருக்கும்.

பாலிசியின் ஆங்கில வடிவம் கேட்டு வாங்குங்கள், தாய் மூலத்தையும் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் மூலம்தான் பேசும். நிறுவனம் முறைப்படிப் பதிவானதா, பாலிசி உண்மையா என்ற சந்தேகங்களுக்குக் காப்பீட்டு ஆணையத்தின் 1186 எண் இருக்கிறது. போ ரோ போ கிளெய்முக்கு 1791.

விபத்து நடந்தால் 1669 ஆம்புலன்ஸ், 191 போலீஸ். மொழி புரியவில்லையென்றால் 1155 சுற்றுலாக் காவல்துறையைக் கூப்பிடலாம். காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வரும் வரை, உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், வண்டிகளை நகர்த்தாதீர்கள். எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், முக்கியமாகத் தவறு யாருடையது என்று எழுதியிருக்கும் தாளில். காவல் நிலையத்தில் தினப்பதிவின் நகலை வாங்கிவிடுங்கள். போ ரோ போவின் முதல்கட்டத் தொகையை விபத்து நடந்து 180 நாளுக்குள் கேட்க வேண்டும். மகளுக்கும் அளவான ஹெல்மெட் வாங்குங்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 2,000 பாத் வரை. அதைவிட, குழந்தையின் தலைக்கு எந்த பாலிசியும் ஈடாகாது.

ஊரில் எடுத்த பாலிசிகள்

இந்தியாவில் வண்டிப் பாலிசியோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு தாய்லாந்துச் சாலைக்குப் பொருந்தாது. இந்திய மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டுமே. பயணக் காப்பீடு குறுகிய பயணிக்கு உரியது, அங்கேயே குடியிருப்பவருக்குப் பயன்படாது. ஆயுள் காப்பீடும் அதோடு சேர்த்த விபத்து மரணப் பலனும் பெரும்பாலும் உலகம் முழுவதும் பேசும். ஆனால் நீங்கள் வெளிநாட்டில் வசிக்கிறீர்கள் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இந்திய அரசின் திட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரும் திட்டம் அது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்டோடு தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கானது. பட்டம் படித்தவராக நீங்கள் அந்த வகையில் வரமாட்டீர்கள். உங்கள் தொழிற்சாலையில் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பாஸ்போர்ட்டில் வந்த வெல்டரோ ஃபிட்டரோ இருந்தால், அவர்களுடைய பாலிசி இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குத்தான் அது, புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.